எருக்கஞ்செடியில ஒரு குடித்தனம்

ஒரு ஊர்ல வடிவழகின்னு ஒரு பொண்ணு இருந்தா. வயித்துல புள்ளையோட வாடகைக்கு வீடு தேடித் தெருத்தெருவா அலைஞ்சவ. "கைக்குழந்தை வேற வரப்போகுதா, இங்க இடமில்லம்மா"ன்னு எத்தனை கதவு சாத்துச்சு தெரியுமா? கடைசியில லோகாம்பாள்னு ஒரு அம்மா, மாடியில தான் இருந்துக்கிட்டு, கீழ்வீட்ட இவளுக்கு விட்டாங்க. கேக்குறியா? ம் சொல்லு.

அப்புறம் புள்ளை பொறந்துச்சு. ஒரு நாள் வாசப்படியில ஒக்காந்து புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருந்தா. அப்போ படபட படபடன்னு ஒரு பட்டாம்பூச்சி. செம்மஞ்சள் இறக்கை, கருப்புக் கரை. ரோஜா எலையில கால வச்சுப் பார்த்துச்சு. வேணாம்னு எழும்புச்சு. குரோட்டன்ஸ்ல வச்சுச்சு. காகிதப்பூவுல வச்சுச்சு. அப்புறம் காம்பவுண்டு தாண்டிப் போயிடுச்சு.

முட்டை வைக்க எடம் தேடுதுன்னு வடிவுக்குப் புரிஞ்சுபோச்சு. அவ பொறந்த ஊரு வாய்க்கா மேட்டுல எருக்க எலைக்கு அடியில இது முட்டை வைக்கிறதப் பார்த்திருக்கா. எருக்கு மாதிரி பால் வடியிற எலையத்தான் இதோட புழு திங்கும். கையில பாதிச் சோறு அப்படியே இருக்கு. "இந்த வாசல்ல இடமில்லன்னு யாரும் திரும்பிப் போகக் கூடாது"ன்னு சொல்லிக்கிட்டா.

அப்புறம் ஒரு எருக்கங்கொம்பக் கொண்டாந்து சுவரோரமா நட்டா. குழந்தை கை எட்டாம சுத்தி முள்ளுக் கட்டினா.

துளிர் விட்டதும் லோகாம்பாள் மாடியில இருந்து பார்த்தாங்க. "ஏன்டி, ஆளில்லாத வீட்டுலதானே எருக்கு மொளைக்கும்? நான் இருக்கேன்டி இன்னும்." இறங்கி வந்து, படக். ஒடிச்சுப் போட்டாங்க. அடிக்கட்டை துளிர்த்துச்சு. அப்புறம் ஒரு நாள் கொதிக்கிற கஞ்சித்தண்ணிய, சொர்ர்ர். ஊத்திட்டாங்க. இலையெல்லாம் வெந்து தொங்குச்சு. வடிவு தெனம் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினா. மறுபடி துளிர்த்துச்சு. ஆவணி வந்துச்சு. கொத்துக் கொத்தாப் பூவும் வந்துச்சு.

மூணாவது தடவ லோகாம்பாள் கை வைக்கல. படியில நின்னு சொன்னாங்க: "நாளைக்குள்ள செடி போகணும். இல்லைன்னா நீ போகணும்."

ம்? தூங்கிட்டியா? இல்லையா, சரி.

வடிவு செடியப் பார்த்தா. புள்ளையப் பார்த்தா. அப்புறம் பாத்திரத்தையெல்லாம் கோணியில போட்டுக் கட்டினா. லொடக் லொடக். வெட்டுறதுக்கு அவளுக்கு மனசில்ல.

மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. விடிஞ்சதும் லோகாம்பாள் பித்தளைத் தட்டோட கீழ இறங்கி வந்தாங்க. மூஞ்சியே சரியில்ல. "கடையில எருக்கம்பூ தீர்ந்துடுச்சாம்டி."

"அம்மா, ஆளில்லாத வீட்டுச் செடியாச்சே. சாமிக்கு ஆகுமா?"

"போடி. அவருக்கு எல்லாம் ஆகும். பறிச்சுக்கட்டா?"

"பூவப் பறிங்க. பால் கண்ணுல பட்டுடாம. எலையத் தொடாதீங்க."

"எலையில என்னடி இருக்கு?"

வடிவு ஒரு எலைய மெதுவாத் தூக்கிக் காட்டினா. அடியில பச்சையா ஒரு கூடு, ஜிமிக்கி மாதிரி தொங்குச்சு. ஓரத்துல தங்கப் பொட்டு.

"யாருடி இது?"

"உள்வாடகைக்கு வந்தவ."

லோகாம்பாளுக்குச் சிரிப்பு முட்டுச்சு. அடக்கிக்கிட்டாங்க. "எத்தன நாளைக்கு?"

"எட்டு, பத்து நாளு. அப்புறம் தானா காலி பண்ணிடுவா."

லோகாம்பாள் ஜன்னல் வழியாக் கட்டி வச்ச கோணியப் பார்த்தாங்க. அப்புறம் பூவ மட்டும் ஒவ்வொண்ணாப் பறிச்சாங்க. படியேறும்போது திரும்பாமலே சொன்னாங்க: "அந்த மூட்டைய அவுரு. கொழுக்கட்டைக்கு மாவு பெசையணும், மேல வா."

எட்டாம் நாள் காலையில கூடு கண்ணாடியாச்சு. டப்புன்னு வெடிச்சு, கசங்கின துணி மாதிரி ஒண்ணு வெளிய வந்து தொங்குச்சு. மெல்ல மெல்ல விரிஞ்சு, படபட படபட. லோகாம்பாள் மாடிக் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தாங்க. அது திரும்பியே பார்க்காமப் போச்சு. சாயங்காலம் பார்த்தா, மாடிப்படிக்குப் பக்கத்துல புதுசா ஒரு எருக்கங்கொம்பு. சுத்தி முள்ளு.

அவ்வளவுதான் கண்ணு. கதை பறந்துடுச்சு, நீ எறக்கைய மடக்கிக்கோ. தூங்கு.