குமிழிக்கு முதல் வாய் ஊட்டியது யார்?

ஏழ்முகடு என்ற நாட்டை உலக வரைபடத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது ஒரு கணினி விளையாட்டுக்குள் இருக்கிறது. விளையாட வருகிறவர்களில் பலர் வாளைத் தூக்கிக்கொண்டு டிராகன்களை வெட்டுவதிலேயே குறியாக இருப்பார்கள். அந்த டிராகன்களுக்கும் வீடு வாசல், சொந்தபந்தம், முறை வழக்கம் எல்லாம் உண்டென்பது அவர்களுக்குத் தெரியாது. பொறுமையாகச் சுற்றித் திரிகிறவர்களுக்கு மட்டும் அந்த விளையாட்டு இந்தக் கதையைச் சொல்லும். சொல்லிவிட்டு, பதில் கேட்டு மடக்கும்.

அங்கே டிராகன்களில் இரண்டு குலம். எரிமலைக் குகைகளில் வாழ்கிறவர்கள் அனலார். கீழே ஏரிக்குள் வாழ்கிறவர்கள் புனலார். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். புனலாருக்குப் பிறப்புதான் எல்லாம். பெற்றவள் தன் முட்டையில் நகத்தால் ஒரு குறி கீறுவாள், அந்தக் குறிதான் குலம். அனலாரோ எல்லா முட்டைகளையும் ஒரே சாம்பல் குழியில் போட்டுப் புதைத்துவிடுவார்கள். எது யாருடையது என்று எவருக்கும் தெரியாது. குஞ்சு வெளியே வந்ததும் அதன் வாயில் முதல் இரையை வைப்பவர் யாரோ, ஆணானாலும் பெண்ணானாலும், அவர்தான் தாய். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அனலாருக்கு மீன் தீட்டு. நகத்தால் தொட்டாலும் குற்றம். தொட்டவர் ஒரு பருவம் முழுக்க, குகைக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டிய எல்லைப் பாறையில் காவல் கிடக்க வேண்டும்.

நீராழி புனலார் பெண். ஒருமுறை மலை குமுறியபோது, அனலாரின் குழியிலிருந்து ஒரு முட்டை உருண்டு ஓடையில் விழுந்து அவளிருந்த கரைக்கு வந்துவிட்டது. எதிரியின் முட்டை என்று தள்ளிவிட்டிருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை. ஓடு உடைந்து குஞ்சு வந்தது. பச்சை மீனைக் கொடுக்கப் போனால் வாயே திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பசியில் துவண்டுபோன குஞ்சையும் அந்த மீனையும் அள்ளிக்கொண்டு எல்லைப் பாறைக்கு ஓடினாள். அங்கே அன்றைய முறைக்காவலுக்கு நின்றவன் கங்கன் என்ற அனலார் இளைஞன். பாறைக்கு அந்தப் பக்கமே நின்றபடி, அவள் நீட்டிய மீன்மேல் ஊதினான். மீன் வெந்தது. குஞ்சு ஆவலாகத் தின்றது. பார்த்தவர் வேறு யாருமில்லை.

நெருப்புக்குப் பிறந்த அந்தப் பிள்ளைக்குக் குமிழி என்று பெயர் வைத்தாள் நீராழி. குமிழிக்கு மூக்கில் புகை வர ஆரம்பித்ததும் தன் மீனைத் தானே சுட்டுக்கொண்டாள். ஏரிப் பிள்ளைகளின் பாட்டெல்லாம் அவளுக்கு அத்துபடி. தண்ணீருக்குள் மூச்சு முட்டும். மேலே வந்து கரையில் உட்கார்ந்து பாடுவாள்.

அந்த நாட்டில் பனிக்காலம் எப்போதோ ஒரு முறைதான் வரும். வந்தால் லேசில் போகாது. ஏரியின் ஓரம் உறையத் தொடங்கியதும் புனலார் அடியாழத்துக்குக் கிளம்பினார்கள். ஆழத்தில் காற்று நிற்கும் பொந்துகள் உண்டு, குமிழி அதில் பிழைத்துக்கொள்வாள். ஆனால் குலத்துப் பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம்.

“இவ முட்டையில உன் குறி இல்ல, நீராழி. இவ அனலார் பிள்ளை. அவங்ககிட்டயே விட்டுடு” என்றாள் தலைவி மடுவரசி.

நீராழி குமிழியோடு மலையேறினாள். கங்கன் இப்போது அனலாரின் தலைவன். குகை வாசலில் குலமே கூடி நின்றது.

“ஊட்டி வளர்த்தது நீங்க. எங்க முறைப்படி இவ உங்க பொண்ணு. உங்க பொண்ணைப் பறிச்சுக்கிட்டோம்ங்கிற பேர் எங்களுக்கு வேண்டாம்மா” என்றான்.

மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதையில் பிள்ளை செத்துப்போகும். வளர்ந்த டிராகன் பனியைத் தாங்கும், குமிழி தாங்கமாட்டாள். அவள் மூக்குப் புகை அப்போதே மெலிந்திருந்தது. “வாம்மா, வீட்டுக்குப் போகலாம்” என்றாள் குமிழி. எந்த வீட்டுக்கு என்று நீராழிக்கே தெரியவில்லை.

அவள் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “முதல் வாய் நான் ஊட்டல. அன்னிக்குப் பாறையில காவலுக்கு நின்ன உங்க தலைவர்தான் மீனை எடுத்து இவ வாயில வெச்சார். இவ அவர் பிள்ளை.”

கூட்டம் கொதித்தது. தலைவன் மீனைத் தொட்டானா? “ஆமான்னு சொன்னா இனி நீ தலைவன் இல்ல, கங்கா!” என்று ஒரு குரல் கத்தியது. குமிழி திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். நீராழி கங்கனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையசைத்தால், எந்தக் குலத்து முறைப்படியும் அவள் குமிழிக்கு யாரும் இல்லை. மறுத்தால், குமிழிக்கு இந்தப் பனியில் இடமில்லை.

இங்கே விளையாட்டு நின்றுவிடுகிறது. கங்கனாக விளையாடுவது நீங்கள்தான். திரையின் கீழே இரண்டு பொத்தான்கள்: ‘ஆம், நான்தான் ஊட்டினேன்’, ‘இல்லை’. நீராழி சொன்னது மெய்யா, பொய்யா? எதை அழுத்துவது சரி?

விடை: பொய். கங்கன் பாறையைத் தாண்டவே இல்லை, மீன் நீராழியின் கையில்தான் இருந்தது. ‘இல்லை’ என்றால் உண்மை பிழைக்கும், குமிழி பிழைக்கமாட்டாள். எந்தக் குஞ்சும் தாயில்லாமல் சாம்பலில் கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அனலார் அந்த முறையையே வைத்தார்கள். அதைக் காட்டியே ஒரு குஞ்சைப் பனியில் தள்ளினால், அப்புறம் அவர்கள் என்ன அனலார்? ஆகவே ‘ஆம்’. அழுத்திப் பாருங்கள். கங்கன் தலைமையை இழந்து பாறைக் காவலுக்குப் போகிறான், குமிழி குகைக்குள் போகிறாள். பனி உருகிய முதல் நாள் நீராழி ஒரு மீனோடு எல்லைப் பாறைக்கு வருகிறாள். குமிழி ஓடி வந்து, அனலார் அத்தனை பேரும் பார்க்க, அம்மாவின் கையிலிருந்து அந்த மீனை வாங்குகிறாள். மீனைத் தொட்டால் என்ன தண்டனை என்று முன்பே சொல்லியிருக்கிறேன். குமிழிக்கும் அது நன்றாகத் தெரியும்.