அதிரச அறைக்குப் புதுப் பூட்டு

ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் தாசில்தார் கோதண்டபாணியின் அதட்டல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அன்று காலை பலகார அறைப் பூட்டு உடைந்து கிடந்தது. பானையில் எள்ளு போட்ட அதிரசத்தில் பாதியைக் காணோம். "இது சமையல்காரி செல்லக்கிளி வேலைதான்!" என்று வீடு அதிரக் கத்திவிட்டு, பூட்டுக்காரன் சவரிமுத்துவுக்கு ஆள் அனுப்பினார்.

"சாவியே இல்லாத பூட்டாப் போடு. வீட்டுல எல்லாரும் திறக்கணும், திருடன் மட்டும் திறக்கக் கூடாது. உன்னால முடியலேன்னா இவளுக்கு இன்னையோட வேலை போச்சு!"

செல்லக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சவரிமுத்து உடைந்த பூட்டைப் பார்த்தான். பிறகு தாசில்தாரின் மீசையைப் பார்த்தான். அதில் இரண்டு எள் ஒட்டிக்கொண்டிருந்தது. இனிப்பைத் தொடவே கூடாதென்று டாக்டர் அவருக்குச் சொல்லியிருப்பது தெருவுக்கே தெரியும்.

"போட்டுடலாம்ங்க" என்றவன், கதவின் அடியில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், ஒரு தாழ்ப்பாளைப் பொருத்தினான்.

"திறந்து பாருங்கம்மா."

வீட்டம்மா குனிந்து திறந்தாள். செல்லக்கிளியும் குனிந்து திறந்தாள்.

"இப்ப நீங்க, ஐயா."

தாசில்தார் குனிந்தார். தொந்தி தொடையில் இடித்தது. குந்தப் பார்த்தார், வேட்டி அவிழப் பார்த்தது. வேர்த்து விறுவிறுத்து நிமிர்ந்தவர், "என்னடா இது, என்னால திறக்க முடியலையே!" என்று சீறினார்.

சவரிமுத்து திருப்புளியைப் பைக்குள் போட்டான்.

"அப்ப பூட்டு சரியாத்தான் வேலை செய்யுது ஐயா. மீசையில எள்ளு இருக்கு, துடைச்சுக்குங்க."

வீட்டம்மா சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள், செல்லக்கிளி மறுபடி குனிந்து பூட்டுக்காரனுக்கு நாலு அதிரசம் எடுத்தாள்.