சுடாத கணப்பு

முன்னொரு காலத்தில், மேகம் வாசல்வரை வந்து எட்டிப் பார்க்கும் மலைநாடு ஒன்றில் சடையன் என்ற விறகுவெட்டி இருந்தான். நல்ல உழைப்பாளி. ஆனால் எதிலும் அவசரம், அப்படியொரு அவசரம்! அவன் மனைவி நல்லக்காளுக்கு நிறைமாதம். பிள்ளை பிறக்கிற வீடு குளிர்ந்து கிடக்கலாமா? இரும்புக் கணப்படுப்பு ஒன்றை வாங்கி வந்தான்.

வீடோ பலகை வீடு, தரையும் பலகை. அடுப்பை அப்படியே வைத்தால் வீடே பற்றிக்கொள்ளும். ஆகவே ஆற்றங்கரையில் கிடந்த தட்டைக் கல் ஒன்றைச் சுமந்து வந்தான். தொப்பென்று போட்டான், அடுப்பை ஏற்றினான், தீ மூட்டினான்.

தீ எரிந்தது, எரிந்தது, நன்றாக எரிந்தது. வீடு குளிர்ந்தது, குளிர்ந்தது, இன்னும் குளிர்ந்தது!

"விறகு ஈரமா இருக்கும்" என்று விறகை மாற்றினான். தீ எரிந்தது, வீடு குளிர்ந்தது. "புகைபோக்கி கோணலா இருக்கும்" என்று அதை நிமிர்த்தினான். தீ எரிந்தது, வீடு குளிர்ந்தது. "அடுப்புக் கதவு சரியில்ல" என்று அதை இறுக்கினான். அடுப்பின்மேல் வைத்த வெந்நீர்ப் பானையில் பனிக்கட்டி மிதந்தது! போதாததற்குக் கல்லின்மேல் ஒரு மீன் துள்ளியது.

"ஏ புள்ள, வீட்டுக்குள்ள மீன் எப்படி வந்துச்சு?"

"என்னைக் கேட்டா? அடுப்பு போட்டது நீங்கதானே!"

சடையன் மீனைப் பிடிக்கப் பாய்ந்தான். அதற்குள் நல்லக்காளுக்கு வலி எடுத்துவிட்டது. அவன் மருத்துவச்சியை அழைக்க ஓடினான். பாவம், தனியாக இருந்த நல்லக்காளுக்குக் குளிரில் பற்கள் கிடுகிடுத்தன. பிறக்கப்போகும் பிள்ளை இதை எப்படித் தாங்கும் என்று பயம் வேறு. கல்லைத் தொட்டுப் பார்த்தாள். ஆற்றுத் தண்ணீர் கையில் சிலீரென்று தெறித்தது.

"கல்லய்யா, நீங்க எங்க இருக்கீங்க?"

கல் பேசியது! "ஆத்தங்கரையிலதான் தாயி."

"என் வீட்டுக்காரர் உங்களத் தூக்கியாந்தாரே!"

"தூக்கியாந்தார். வாங்கன்னு கூப்பிட்டாரா? கூப்பிடாத வீட்டுக்குள்ள எப்படி வர்றது? உங்க தீயும் என்கூட ஆத்தங்கரையிலதான் எரியுது. நரியெல்லாம் சுகமா குளிர் காயுது."

கல் தன் கதையைச் சொல்லி அழுதது. அந்தக் கல் ஒரு காலத்தில் மனிதராம். தன் வாசலுக்கு வந்த யாரையும் வாங்க என்று சொன்னதில்லையாம். ஒருநாள் மழையில் நனைந்து வந்தவள் ஒரு மந்திரக்காரி. "கல்லு மாதிரி நிக்கிறியே, கல்லாவே கிட. யாராவது கூப்பிடட்டும்" என்று சபித்துவிட்டாளாம்.

"நீ கூப்பிட்டா நான் மனுசனாயிடுவேன். உன் அடுப்புக்குக் கல் இருக்காது. யோசிச்சுக்க."

கூப்பிட்டால் கல் இல்லை. கூப்பிடாவிட்டால் சூடு இல்லை. நல்லக்காளுக்குத் தலை சுற்றியது, அழுகை வந்தது. ஆனாலும் ஒருத்தரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே பிள்ளை பெறுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

"வாங்கய்யா, உள்ள வாங்க!"

கல் இருந்த இடத்தில், அடுப்பைத் தலையில் தாங்கியபடி ஒரு நரைமீசைக்காரர் உட்கார்ந்திருந்தார்! இவ்வளவு நேரம் ஆற்றங்கரையில் வீணாய்ப் போன சூடெல்லாம் அவரோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்து நிறைந்தது. பலகைத் தரை பற்றிக்கொள்ளக் கூடாதென்று அவர் அடுப்போடு எழுந்து வெளியே போனார்.

சடையன் மருத்துவச்சியோடு வந்து பார்த்தால், அடுப்பு வாசலில், பக்கத்தில் யாரோ ஒரு ஆள், வீடு முழுக்கக் கதகதப்பு. அவனுக்கு ஒரு இழவும் புரியவில்லை. புரிவதற்குள் உள்ளே பிள்ளை அழுதது. பெண் குழந்தை, ரோஜாப்பூ நிறத்தில் சுகமாய்ப் பிறந்திருந்தது.

நரைமீசைக்காரர் அப்போதே ஆற்றுக்குப் போய், வேறொரு தட்டைக் கல்லைத் தலையில் தூக்கி வந்தார். வாசலில் அப்படியே நின்றார்.

"ஏன்யா நிக்கிறீரு? கொண்டாந்து போடும்!" என்று பறந்தான் சடையன்.

"யாராச்சும் கூப்பிடுங்களேன், கழுத்து வலிக்குது!"

பிள்ளையை மடியில் வைத்தபடி நல்லக்காள் சிரித்தாள்.

"வாங்க, வாங்க! நீங்களும் அந்தக் கல்லும் ரெண்டு பேரும் உள்ள வாங்க!"