மூங்கில் பூத்த மறு வருஷம்

குருவைவிடச் சீடருக்கு வயது கூடினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். பூவாயிக்கு அந்தக் கவலையே கிடையாது. மகன் வயதுள்ள சடையாண்டியை வாய் நிறைய "சாமி" என்றுதான் கூப்பிடுவாள். மலையடிவார மடத்தில் அவருக்கும் வருகிறவர்களுக்கும் கஞ்சி காய்ச்சுவது அவள்தான்.

முந்தின வருஷம் மலையெல்லாம் மூங்கில் பூத்து அரிசி கொட்டியது. எலிகளுக்குக் கொண்டாட்டம், கால் வைக்க இடமில்லாமல் பெருகின. இந்த வருஷமோ மழை கைவிட்டுவிட்டது. எலி வளையைத் தோண்டி, அது சேர்த்து வைத்த தினைக் கதிரை எடுத்துத்தான் மடத்தில் அடுப்பு எரிந்தது. தோண்டுகிறவர்கள் பாதியை எலிக்கே விட்டு வருவது அங்கே வழக்கம்.

அன்று காலையில் மடத்து வாசலில் ஒருத்தி வந்து உட்கார்ந்து, "நான் சிட்டம்மா" என்றாள். முன்னொரு பஞ்சத்தில், இதாவது பிழைக்கட்டும் என்று பிள்ளையில்லாத உப்பு வணிகன் கையில் பூவாயி கொடுத்த கடைக்குட்டி. பேரைக் கேட்டதும் பூவாயி மண்வெட்டியோடு பின்பக்கமாய் நழுவிவிட்டாள்.

காட்டோரம் தோண்டிக்கொண்டிருந்தவளைத் தேடி சடையாண்டி வந்தார்.

"உங்க பொண்ணு காத்திருக்கு."

"கஞ்சிக்குக் கதிர் வேணாமா சாமி?"

மண் சரிந்தது. கொஞ்சம் கதிர், பக்கத்தில் மெலிந்த தாயெலி, கண் திறக்காத இரண்டு குஞ்சுகள்.

"போன வருஷம் வளைக்குப் பத்துக் குஞ்சு கிடந்துச்சே. மத்ததெல்லாம் எங்க?" என்றாள் பூவாயி.

"பிறக்கவே இல்ல. மழை இல்லாம தீனி ஏது? தீனி இல்லாம பால் ஏது?"

"எலிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. மூணைப் பெத்து ஒண்ணைத் தூக்கிக் கொடுத்தேன்."

தாயெலி ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு புதருக்குள் ஓடியது. மற்றது நெளிந்துகொண்டு கிடந்தது.

"பாத்தீங்களா, இதுவும் என்னை மாதிரிதான். விட்டுட்டுப் போயிடுச்சு." குஞ்சை எடுக்கப் போன அவள் கையை சடையாண்டி மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா."

இருவரும் குந்தியிருந்தார்கள். வெயில் ஏறியது. மனுஷ வாடை அடிக்கிற அந்த இடத்துக்கு எலி நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தது. மிச்சக் குஞ்சையும் கவ்விக்கொண்டு போனது.

பூவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எலிகூடத் திரும்பி வந்துடுச்சே சாமி. நான் ஒரு தடவைகூடப் போகலையே."

சடையாண்டி பாதிக் கதிரைப் புதரோரம் வைத்தார். மீதியை அவள் மடியில் போட்டார்.

"அதான் அவளே வந்திருக்கா. எந்திரிங்கம்மா."