பிரபுவின் முற்றத்தில் கூடிய சந்தை

வெயில் தலைகாட்டவே யோசிக்கும் இங்கிலாந்து தேசத்தில், ரொம்பக் காலத்துக்கு முன்னால் நடந்த சங்கதி இது. காதைக் கொடுங்கள். நடுவில் எழுந்து போகிறவர்களுக்கு நான் மறுபடி சொல்ல மாட்டேன்.

அங்கே ஒரு சிற்றூர். ஊர் நடுவில் ஒரு கற்சிலுவை. அதைச் சுற்றித்தான் வாரச்சந்தை கூடும். "சிலுவை எங்கே நிற்கிறதோ அங்கேதான் சந்தை; விற்க வருபவரை யாரும் தடுக்கக் கூடாது." இது ராஜா போட்ட சட்டம்.

அந்தச் சந்தையில் வெண்ணெய் விற்றுப் பிழைத்தாள் மாபில் என்ற விதவை. வீட்டில் மூன்று பிள்ளைகள். வெண்ணெய் விற்றால் ரொட்டி; விற்காவிட்டால் பட்டினி.

ஊரை ஆண்ட ஆஸ்பர்ட் பிரபுவுக்கோ கண்ணில் பட்டதெல்லாம் வேண்டும். "இந்தப் பட்டிக்காட்டுக்கு இவ்வளவு அழகான சிலுவை எதற்கு?" என்று ஒரு நாள் அதைப் பெயர்த்துக் கொண்டுபோய், தன் மாளிகை முற்றத்தில் நட்டுக்கொண்டான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

சிலுவை போனதால் சந்தையும் போனது என்று ஊரே இடிந்து உட்கார்ந்தது. மாபிலும் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சட்டத்தை நினைத்தாள். சட்டென்று எழுந்தாள்.

"அட, சந்தை எங்கேயும் போகலைங்க! பிரபு வீட்டு முற்றத்துலதான் இருக்கு. கிளம்புங்க எல்லாரும்!"

முதல் வாரம் பன்றிகளோடு போனார்கள். பூந்தோட்டம் சேறானது. "வெளியே போங்கள்!" என்று கத்தினான் பிரபு. "ராஜா சட்டம், பிரபுவே" என்றாள் மாபில், வெண்ணெயை நிறுத்தபடி. காவலர்கள் ஒதுங்கி நின்றார்கள். ராஜா பேரைக் கேட்டபின் யார் கை நீட்டுவார்?

இரண்டாம் வாரம் வாத்துகள் வந்தன. விருந்துக்கு வந்த பெரிய மனிதர்களைக் கூடம் முழுக்கத் துரத்தித் துரத்திக் கொத்தின.

மூன்றாம் வாரம் மீன்காரர்கள் கடை விரித்தார்கள். நாற்றம் படுக்கையறை வரை ஏறியது. பிரபுவின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, பெட்டியைக் கட்டி, தாய்வீட்டுக்கே கிளம்பிவிட்டாள்!

பிரபு ஓடோடி வந்தான். "அம்மா தாயே, சிலுவையை எடுத்துட்டுப் போயிடுங்க!"

"நாங்களா கொண்டுவந்தோம்? கொண்டுவந்தவங்களே தூக்கிட்டு வரட்டும்" என்றாள் மாபில்.

வேறு வழி? ஆட்களோடு பிரபுவும் தோள்கொடுத்து, மூச்சு வாங்க மூச்சு வாங்க, சிலுவையைப் பழைய இடத்தில் நட்டான். ஊரே ஆரவாரம் செய்தது. கோயில் மணி ஓயாமல் ஒலித்தது. மாபிலின் வெண்ணெயில் ஒரு துளிகூட மிஞ்சவில்லை. அவள் பிள்ளைகள் அன்று வயிறு முட்டச் சாப்பிட்டார்கள்.

ஊருக்குப் பொதுவானதைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறவன், ஊரையே வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறான்.