செம்புப் பாட்டிலில் வந்த சாறு

பள்ளி வாசலில் சாத்துக்குடி பிழிந்து விற்றவர் உலகநாதன். கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, அவ்வளவுதான். அவர் மகள் செண்பகவல்லியும் தோழி ஜெசிந்தாவும் ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் கண்காட்சியில், எந்தப் பழச்சாற்றில் வைட்டமின் சி அதிகம் என்று காட்டுவதாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். சாற்றில் கொஞ்சம் கஞ்சித்தண்ணீர் கலந்து, அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சத்து தீரும்வரை நீலம் வராது. சீக்கிரம் நீலமானால் சத்து குறைவு.

அப்பாவின் சாறுதான் ஜெயிக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. முதல்நாள் சாயங்காலமே அவரிடம் பிழிந்து வாங்கி, வீட்டிலிருந்த செம்புப் பாட்டிலில் ஊற்றி வைத்தாள். உடம்புக்கு நல்லது என்று அம்மா தினமும் தண்ணீர் வைக்கிற பாட்டில் அது. இதைவிட உசத்தியான பாத்திரம் அந்த வீட்டில் கிடையாது.

மறுநாள் கண்காட்சியில், வேடிக்கை பார்த்த பெற்றோரோடு உலகநாதனும் நின்றார். ஜெசிந்தா சொட்டு விட, அட்டைப்பெட்டி ஜூஸ்கூட நீலமாகாமல் நெடுநேரம் தாக்குப்பிடித்தது. அவருடைய சாத்துக்குடி இரண்டாம் சொட்டிலேயே நீலமாகிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, பழத்தைக் காட்டிட்டுக் குழாய்த் தண்ணியப் பிழியிறீங்களா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

"போர்டுல எழுதாதடி ஜெசி," என்று செண்பகவல்லி கெஞ்சினாள்.

"கண்ணால பார்த்ததை எப்படிடி மறைக்கிறது?" ஜெசிந்தா எழுதிவிட்டாள்.

மகளின் மேஜை முன்னால் சண்டைக்கு நிற்க உலகநாதனுக்கு மனம் வரவில்லை. இனிமேல் வண்டி வாசலில் நிற்கக் கூடாது என்று தலைமையாசிரியை சொன்னபோதும் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மாலை பாட்டிலைக் கழுவிய அம்மா, "புளி போட்டுத் தேய்க்காமலே உள்ளே இப்படிப் பளபளங்குது!" என்று அதிசயப்பட்டாள்.

உலகநாதன் தண்ணீர் கலக்கவில்லை, சத்தியம். ஜெசிந்தாவின் கையும் பிசகவில்லை. பின்னே சத்து எங்கே போயிற்று? எழுதாதே என்ற மகள், எழுதிய தோழி, பேசாமல் போன அப்பா. மூவரில் யார் செய்தது சரி?

விடை: புளி செய்கிற வேலையைச் சாற்றின் புளிப்பு செய்துவிட்டது. அது செம்பைத் துலக்க, கரைந்து வந்த செம்பு இரவோடு இரவாக வைட்டமினைத் தீர்த்துவிட்டது. மூவரில் ஜெசிந்தாதான் சரிக்குப் பக்கத்தில் நின்றவள். ஆனால் அவள் பார்த்தது ஒரு பாட்டிலை, பழத்தை அல்ல. வண்டி வாசலில்தானே நின்றது? ஒரு பழத்தை அங்கேயே பிழிந்து இன்னொரு முறை சொட்டு விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு விஷயம் புரிந்து செண்பகவல்லி அழுதபோது, பஸ் ஸ்டாண்டு மூலையில் வாங்க ஆளில்லாத வண்டியோடு நின்ற உலகநாதன் சொன்னார்: "விடும்மா. பாட்டிலாவது பளிச்சுன்னு ஆச்சே."