வடக்கத்திக் குருவி கொடுத்த வாக்கு

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனுஷருக்கும் ஒரே பேச்சுதான். நாரை திட்டினால் மீன் பிடிக்கிறவனுக்கு ரோஷம் வந்துவிடும், அப்படி ஒரு காலம்.

மலையிலிருந்து இறங்கி வரும் ஓர் ஆறு. அதன் நடுவே கோரை அடர்ந்த மணல்திட்டு. ஐப்பசி பிறந்தால் பாய்க்குக் கோரை அறுக்க ஊரே அங்கே போகும். மலையில் மழை கொட்டுகிற மாதமும் அதுதான். இங்கே வெயில் அடிக்கும்போதே அங்கே பெய்து, வெள்ளம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். அதனால் பேராச்சி என்று அந்த ஊர்ப் பெண் ஒருத்தி தினமும் விடிந்ததும் கரையோடு வளைவு வரைக்கும் நடந்து, பறவைகளைப் பார்த்து வருவாள். வடக்கே இருந்து வந்து இறங்கிய உள்ளானும் வாத்தும் தண்ணீர்ப் பாறைகளில் உட்கார்ந்திருந்தால் பயமில்லை. மேட்டுக்கு ஏறியிருந்தால் ஆற்றை நம்பக் கூடாது. அவள் வளைவில் நின்று சும்மாட்டுத் துணியை வீசிய பிறகுதான் யாரும் ஆற்றில் கால் வைப்பார்கள்.

பறவையிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். அதுகளுக்குக் கண்ணியும் வலையும் தெரியும், மனுஷக் குரல் கேட்டாலே குலைநடுக்கம். அதனால் அந்த நடையில் பேசக் கூடாது என்பது முறை. பேராச்சிக்கு முறை என்றால் முறைதான். பெற்ற தாய் கூப்பிட்டாலும் அந்தத் தடத்தில் அவள் வாய் திறக்கமாட்டாள்.

மனுஷரோடு ஒட்டிப் பழகியது வடக்கத்திக் குருவி ஒன்றுதான். வெள்ளை முகம், சாம்பல் முதுகு, குச்சி மாதிரி அசையாத நீள வால். வாய் மட்டும் ஓயாது. பேராச்சிக்கு முன்னால் குடுகுடுவென்று ஓடிக்கொண்டே வடக்கத்திக் கதையெல்லாம் அளக்கும். ஒருநாள் அது சிரித்த சிரிப்பில் ஆற்றிலிருந்த அத்தனை பறவையும் கிளம்பிப் போய்விட்டன. அன்றைக்குத் துணி வீச வழியில்லை, அறுப்பும் நின்றது. பேராச்சிக்கு வந்ததே கோபம். நடை முடிந்து படித்துறைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இந்த ஆத்துமேல சத்தியம் பண்ணு" என்றாள். "அந்தத் தடத்துல நீ வாயைத் தொறந்தா, பொறகு உன் பேச்சு யாருக்கும் வெளங்கப்படாது, யாரு பேச்சும் உனக்கு வெளங்கப்படாது."

குருவி தயங்கியது. "எதுவானாலுமா, அக்கா?"

"எதுவானாலும்."

குருவி தண்ணீரில் அலகை நனைத்துச் சத்தியம் செய்தது.

பிறகு ஒரு காலை. பாறைகளில் பறவைகள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. பேராச்சி துணியை வீசினாள். அவள் தங்கை பூலம்மா முதல் ஆளாக இறங்க, மற்றவர்களும் திட்டுக்குப் போனார்கள். பேராச்சி திரும்பி நடக்கையில், மேலே அருவிப்பாறையில் ராத்தங்கிய குருவி பறந்து வந்து அவள் முன்னால் விழுந்தது. மரங்களைப் புரட்டிக்கொண்டு செந்தண்ணீர் வருவதை அது பார்த்துவிட்டது. அலகைத் திறந்தது, மூடியது. சத்தியத்தில் கட்டுப்படாதது வால் ஒன்றுதான். அதைத் தூக்கித் தூக்கி ஆட்டியது. கொஞ்சம் ஓடியது, திரும்பிப் பார்த்தது, மறுபடி ஆட்டியது.

விளையாடுகிறது என்று நினைத்துப் பேராச்சி உதட்டில் விரல் வைத்தாள். கையை வீசி விரட்டினாள். அது போகவில்லை. அப்போதுதான் அதன் கண்ணைப் பார்த்தாள், விளையாட்டில்லை என்று பட்டுப் பாறைப் பக்கம் திரும்பினாள். ஆனால் பாறையில் பறவைகள் அப்படியே இருந்தன. என்ன என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திட்டில் பூலம்மா குனிந்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

குருவிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, வெள்ளம்."

அதற்கு மேல் அது சொன்னதெல்லாம் 'சிட்டிக், சிட்டிக்' என்றுதான் கேட்டது.

பேராச்சி கத்தினாள். "ஏளா பூலம்மா, போட்டுட்டு ஓடியாளா, வெள்ளம் வருது!" அந்தத் தடத்தில் அவள் குரலைக் கேட்டறியாத ஜனம் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தது. பறவைகள் எல்லாம் எழும்பிவிட்டன. எல்லாரும் கரை தொட்டபோது பூலம்மா மட்டும் அறுத்த கோரைக்கட்டை எடுக்கத் திரும்பியிருந்தாள். செந்தண்ணீர் அவளைச் சுருட்டிக்கொண்டு போனது. குருவி வெள்ளத்தின் மேலேயே கத்திக்கொண்டு பறந்து போனது.

ஆனால் பூலம்மாவுக்கு ஆயுசு கெட்டி. வெகுதூரம் கீழே ஒரு மருதமர வேரைப் பிடித்துத் தொங்கியவளை ஆட்கள் இழுத்துப் போட்டார்கள். குருவிக்கு அது தெரியாது.

மறுநாள் பேராச்சி தங்கையைக் கைப்பிடித்து ஆற்றுக்குக் கூட்டி வந்தாள். குருவி கரையோரம் ஓடிக்கொண்டும் தண்ணீரைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டும் இருந்தது.

"இந்தா பாரு, வந்துட்டா. எல்லாரும் கரையேறிட்டாவ. போதும், நிறுத்திக்க."

குருவி தலையைச் சாய்த்துக் கேட்டது. ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் அருகே இரண்டு பேர் நிற்கிறார்களே என்று இன்னும் பதறி, மேட்டுப்பக்கம் ஓடித் திரும்பிப் பார்த்து, வாலை ஆட்டியது. பேராச்சி மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அன்று முதல்தான் ஐப்பசியில் வருகிற அந்தக் குருவி, ஆற்றோரம் யார் நடந்தாலும் முன்னால் ஓடி ஓடி வாலை ஆட்டுகிறது. எல்லாரும் கரையேறிவிட்டார்கள் என்று அதற்குச் சொல்ல இன்றுவரை யாருக்கும் வழி தெரியவில்லை.